அடோல் மோதிய காலம்

கொழிஞ்சாம்பாறையில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வரும் பையன்களுக்கு ‘ஈஸ்’ வீடியோ கேம் என்றால் எட்டாம் பாகம்தான். எனக்கு முதலாவது. ஜப்பானின் ஃபால்காம் நிறுவனம் அதை 1987-இல் பிசி-8801 கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் வெட்டுவதற்கு விசையே கிடையாது. சிவப்புத்தலை நாயகன் அடோல் எதிரிமேல் போய் மோத வேண்டும். நேராக மோதினால் நமக்கும் அடி. அரை உடல் விலகி மோதினால் அவனுக்கு மட்டும். வெட்டவெளியில் சும்மா நின்றால் உயிர் ஏறும்.

1989-இல் மூன்றாம் பாகம் பக்கவாட்டு ஓட்டமானது. குதிக்க, வெட்ட விசைகள் வந்தன. 2005-இல் அதையே புதிதாகச் செய்தார்கள். மூலத்தைவிட அது எவ்வளவோ மேல்.

எட்டில் (2016) கப்பல் மூழ்கி, தீவில் ஒதுங்கியவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும், மூவராகச் சண்டை. பேச்சுதான் நீளம். எங்கள் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தும் இப்படித்தான்: 7 இரவிலும் முடியும், 21 இரவிலும் முடியும். எனக்கு 7 இரவு போதும். எட்டை நான் இன்னும் முடிக்கவில்லை.