இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் போகும் வழி

டெல்லி தந்தது ஒன்றரை லட்சம், சென்னை தந்தது அறுபதாயிரம். கூட்டினால் 2,10,000 ரூபாய். 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் தாமே வீடு கட்டிக்கொள்ளும் ஏழைக் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் வாய்த்த மானியம் இது. பேரூராட்சிகளும் திட்டத்தில் அடக்கம். ஆகவே இந்தப் பணம் மடத்துக்குளத்தின் தெருக்களுக்கும் வந்தது. எப்படி வந்தது, வந்த பிறகு எங்கே போனது என்பதுதான் கதை.

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில், அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் ஊர் மடத்துக்குளம். பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. சுற்றுவட்டாரத்தில் காகித ஆலைகள். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது கோவையை விட்டு அந்தப் பக்கம் சேர்ந்தது. வயலை நம்பிப் பிழைத்த வீடுகளிலிருந்து இன்று ஒருவராவது மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறார். மாதச் சம்பளம் வந்ததும் ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் போடும் ஆசையும் வந்துவிட்டது. மானியம் வந்து விழுந்தது அந்த ஆசையின் மேல்.

பணத்தின் முதல் நிறுத்தம் ஒரு காகிதம்: பட்டா. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் வேறெங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலோர் எளிதில் தாண்டிவிடும் நிபந்தனைகள். மனை தம் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் நின்றுபோகிறார்கள். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக அடுப்பெரித்தவர்களும், தாத்தா பெயரில் கிடக்கும் கூட்டுப் பட்டாவைப் பிரித்துக்கொள்ளாத அண்ணன் தம்பிகளும் இங்கேயே வெளியேறுகிறார்கள். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வரிசையிலேயே இல்லை. மிகவும் இல்லாதவரைத் தேடிப் புறப்பட்ட பணம், கொஞ்சமாவது நிலம் இருப்பவரைத்தான் கண்டுபிடிக்கிறது.

பட்டா இருந்தால் பட்டியல் மேலே போகும். மாநிலக் குழு பார்த்து, டெல்லியிலுள்ள மத்தியக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு மத்தியப் பங்கு 40, 40, 20 விழுக்காடு என மூன்று தவணையாக மாநிலத்துக்கு வரும். சென்னையில் அதை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து 2021இல் பெயர் மாறிய அதே வாரியம். அங்கிருந்து பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. நடுவில் ஒப்பந்தக்காரர் கிடையாது. இந்த முறையின் பெரிய நன்மையும் அதுதான். தொகுப்பு வீடு கட்டித் தந்த காலத்தில் சுவரைச் சுரண்டிய கைகளுக்கு இப்போது வேலை இல்லை.

ஆனால் ஒரு சங்கதி உண்டு. பணம் வேலைக்குப் பின்னால் வருகிறது. பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒன்று, பூச்செல்லாம் முடிந்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் வந்து போட்டோ எடுப்பார். இஸ்ரோவின் ‘புவன்’ வரைபடத்தில் அந்த மனையின் இடம் புள்ளியாகப் பதிய வேண்டும். புள்ளி விழுந்தால்தான் பில் நகரும். கட்டாத வீட்டுக்குப் பணம் எடுக்கும் பழைய வித்தையை ஒழிக்க இது நல்ல பூட்டு. அதே பூட்டு நேர்மையாகக் கட்டுபவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது: கடக்கால் தோண்டும் நாளில் அரசுப் பணம் ஒரு ரூபாய்கூடக் கையில் இருக்காது.

அன்றைக்குக் கையில் இருப்பது வேறு பணம். காதிலும் கழுத்திலும் கிடந்தது கூட்டுறவு வங்கிக்கு நகைக்கடனாகப் போகும். மகளிர் குழுக் கடன் வரும். வாரத் தவணைக் கம்பெனிக்காரர் வீடு தேடி வருவார். அதுவும் போதாதபோது இரண்டு வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று 50,000 வாங்கி, தவணை வர நான்கு மாதம் தாமதமானால் வட்டியே 4,000 ஆகும். அந்த நாலாயிரம் எந்தக் கோப்பிலும் செலவாக ஏறாது. திட்டக் கணக்கில் வீட்டின் விலை மூன்று லட்சம், பயனாளியின் பங்கு தொண்ணூறாயிரம். கட்டும் பரப்போ 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே ஆறரை லட்சத்தை நெருங்கும். மானியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடும்பம் போடுகிறது. அதையும் முதலில் போடுகிறது. வீடு பெண்ணின் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கடன் பெரும்பாலும் அவள் பெயரில் மட்டும்தான்.

சரி, வந்த பணம் எங்கே போகிறது? கடக்காலுக்குக் கருங்கல்லும், ஆற்று மணல் எட்டாமல் போன பிறகு எம்-சாண்டும் குவாரிகளிலிருந்து வருகின்றன. செங்கல்லுக்குக் கொங்கு வட்டாரம் கோவையின் தடாகம் பள்ளத்தாக்கை நெடுங்காலம் நம்பியிருந்தது. மலையடிவாரச் செம்மண்ணை ஆழத் தோண்டி எடுத்த அந்தச் சூளைகள் நீதிமன்றம்வரை போன வழக்குகளுக்குப் பிறகு 2021இல் மூடப்பட்டன. சாம்பல் கல்லும் ஹாலோ பிளாக்கும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சிமென்ட் மதுக்கரை, கரூர்ப் புலியூர், திண்டுக்கல் கரிக்காலி என்று சுற்றுவட்டார ஆலைகளிலிருந்து வரும். மூட்டைக்குள்ளும் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது, பி.பி.சி. வகையில் அது 35 விழுக்காடுவரை இருக்கலாம். திருப்பூர்ச் சாயக் கழிவைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் சேற்றிலும் ஒரு பங்கு சிமென்ட் ஆலைகளின் சூளைக்குத்தான் போய்ச் சேர்கிறது. பனியனுக்கு ஏறிய நிறத்தின் மிச்சம் எங்கோ ஒரு சுவரில் நிற்கக் கூடும்.

சிமென்ட் கடையில் பணம் இன்னொரு பயணத்தையும் தொடங்குகிறது. 2025 செப்டம்பர் 21 வரை சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடு. 300 ரூபாய்ச் சரக்குக்கு 84 ரூபாய் வரி. 42 டெல்லிக்கு, 42 சென்னைக்கு. நூறு மூட்டை வாங்கினால் 8,400 ரூபாய், மானியம் வந்த வழியிலேயே திரும்பிவிடும். இப்போது வரி 18 விழுக்காடு, அந்தக் கணக்கு 5,400. கம்பிக்கும் 18. கொடுத்த கையே வாங்கிக்கொள்வதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, ரசீதை உற்றுப் பார்ப்பவர் இல்லாததால். மடத்துக்குளத்திலேயே தங்குவது கொத்தனாரும் சித்தாளும் சென்ட்ரிங்காரரும் வாங்கும் கூலி மட்டுமே.

முன்கூட்டியே பணம் தரும் வித்தை இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. இதே மாவட்டத் தலைநகரில் பனியன் தொழிலுக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது, புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்ற நிறுவனத்தை அமைத்து, முதலீட்டாளர்களைச் சேர்த்து, நீண்ட காலக் கடன் திரட்டி, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் பவானியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தைக் கட்டினார்கள். குழாய் புதைக்கும் முன்பே பணம் தயாராக இருந்தது. ஏற்றுமதிக்கு நம்பிக்கை முன்னால் வருகிறது. சாளை வீட்டுக்காரருக்குப் போட்டோவுக்குப் பின்னால் வருகிறது.

அதற்காகச் சொந்த மனையில் கட்டும் முறையைத் தள்ளிவிட முடியாது. மாற்று வழியின் பெயர் பெரும்பாக்கம். சென்னையின் நீரோர மக்களை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைத்து, வேலையையும் பள்ளியையும் தொலைவாக்கிய இடம். 2022இல் அங்கேயே புதிய தொழில்நுட்பத்தில் 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. வேகமாக எழும்பிய நல்ல கட்டடங்கள்தான், ஆனால் அக்கம்பக்கத்தைத் தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவர முடியாது. மடத்துக்குளத்து வீடு சின்னது; ஆனால் அதே தெரு, அதே ரேஷன் கடை, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அதே எதிர்வீட்டு அத்தை.

அந்தத் தெருவுக்குத்தான் இந்தப் பணத்தில் பங்கில்லை. வீட்டுக்குள் கழிப்பறை கட்டாயம். கழிவுநீர் வாசலைத் தாண்டி எங்கே போகும் என்று 2,10,000 ரூபாய் கேட்பதில்லை. நிழல் தரும் மரத்துக்கும் அதில் இடமில்லை. கான்கிரீட் தளம் சித்திரை வெயிலை வாங்கி வைத்து இரவெல்லாம் திருப்பித் தரும். அதைத் தணிக்க வெள்ளை ஓடு பதிக்கவோ வெப்பம் தடுக்கும் பூச்சு அடிக்கவோ தனித் தவணை கிடையாது.

தெருவுக்குப் பணம் திரட்டிக் காட்டிய ஊர் ஆலந்தூர். 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைக்காக அந்த நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்பாக மக்களிடமே கேட்டது. தெருத் தெருவாகப் போய் விளக்கிச் சொன்னார்கள், மக்கள் கட்டினார்கள். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் அரசு மானியமும் வந்தன. தம் பணம் எந்தக் குழியில் போகிறது என்று தெரிந்தால் ஏழையும் நடுத்தரமும் தயங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மத்தியப் பங்கு ஒன்றரை லட்சமாகவே இருக்க, மாநிலப் பங்கு குறைந்தபட்சம் ஒரு லட்சமாக உயர்ந்து, மொத்தம் இரண்டரை லட்சம் ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் தொகையைக் கூட்டுவதைவிட அவசரமானது வரிசையை மாற்றுவது. பணி ஆணை கையில் கிடைத்த அன்றே முதல் தவணையில் பாதியை, மகளிர் குழுவின் பொறுப்பில், முன்பணமாகக் கொடுத்தால் இரண்டு வட்டிக்காரருக்கு அந்தத் தெருவில் வேலை குறையும். குழுப் பெண்கள் வாரம் தவறாமல் கடன் கட்டியதற்கு வங்கிகளின் பேரேடுகளே சாட்சி. இன்னும் என்ன போட்டோ வேண்டும்?

வீடு முடிந்து கதவில் எண் ஏறியதும் பேரூராட்சி வரி விதிக்கிறது. டெல்லி, சென்னை, கரிக்காலி என்று சுற்றிய பணத்தின் வால்நுனி போலச் சில நூறு ரூபாய் ஆண்டுதோறும் ஊர்க் கஜானாவுக்கு வருகிறது. ஊரே வசூலித்து ஊரே செலவிடக்கூடிய ரூபாய் அது. ஒரு தெருவில் பத்து மானிய வீடுகள் எழும்பினால், அந்தப் பத்து வீட்டு வரியை ஐந்தாண்டுக்கு அதே தெருவின் சாக்கடைக்கும் மரத்துக்கும் என்று பேரூராட்சி மன்றம் ஒதுக்கி வைக்கலாம். தொகை சிறிதுதான், ஆனால் மேலே கடன் கேட்கப் போகும்போது காட்ட ஒரு முதல் இருக்கும். ஆலந்தூர் அப்படித்தான் தொடங்கியது.