போர்பன் விஸ்கியின் கீர்த்தியும் கருக்கிய பீப்பாயும்

கென்டக்கியின் சரித்திரத்தை விரித்தெழுதி 1874-இல் வெளியிட்ட ரிச்சர்ட் காலின்ஸ், அப்பிரதேசத்தில் முதன்முதலாக நிகழ்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுமிடத்தில், முதல் போர்பன் விஸ்கி 1789-இல் ஜார்ஜ்டவுனில், ராயல் ஸ்பிரிங் ஊற்றையடுத்த கம்பளித்துணி ஆலையில் வடிக்கப்பட்டது என்று ஒரே வரியில் சொல்லிச் சென்றார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை; வடித்தவர் பெயரையும் சொல்லவில்லை. ஆயினும், அவ்வாலை பாப்டிஸ்ட் போதகரான எலைஜா கிரெய்குக்கு உரியதென்று கண்ட பின்வந்தோர், அவரையே போர்பனின் பிதாவாக்கி, பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கும் உபாயத்தைக் கண்டவரும் அவரே என்று சேர்த்துக்கொண்டனர்.

இக்கொள்கையை நான் ஏற்பதற்கில்லை. 1789-இல் கென்டக்கி வர்ஜீனியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. மக்காச்சோளம் விளைந்த இடமெல்லாம் குடியானவர்கள் அதை ஊறவைத்து வடித்தார்கள். அவ்வாறு வடித்தது பெரும்பாலும் நிறமற்றதாய், மரத்தில் முதிராமலே விற்றுப்போயிற்று. போர்பன் விஸ்கி என்ற பெயர் அச்சில் வந்ததற்கு ஆராய்ச்சியாளர் காட்டும் மிகப் பழைய சான்று, போர்பன் கவுன்டியைச் சேர்ந்த பாரிஸ் நகரத்துப் பத்திரிகையில் 1821-இல் வெளிவந்த விளம்பரமே; கிரெய்க் இறந்ததோ 1808-இல். கருக்கிய பீப்பாயில் முதிர்ந்து நிறம் பெற்று, தம் காலத்தில் பிரசித்தி பெற்றுவிட்ட செந்நிறச் சரக்கின் பெயரைக் காலின்ஸ் முன்னோர் காலத்தின்மீது ஏற்றிவிட்டார் என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு நான் பெரிதும் சார்ந்து நிற்பது 1826-இல் லெக்ஸிங்டன் வியாபாரி ஒருவர், போர்பன் கவுன்டியில் வடிசாலை நடத்திய ஜான் கார்லிஸுக்கு எழுதிய கடிதம். பீப்பாயின் உட்புறத்தை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஆழத்துக்கு மட்டும் எரித்தால் சரக்கு மிகவும் மேம்படும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகத் தெரிவித்து, செய்வதும் விடுவதும் கார்லிஸின் தீர்மானத்துக்கே என அவர் விட்டுவிடுகிறார். அளவு இவ்வளவு நுட்பமாகக் கூறப்படுவதால், எங்கோ யாரோ முன்னரே கருக்கிப் பார்த்துப் பயன் கண்டிருக்க வேண்டும். ஆனால் வடிப்பவருக்கு வாங்குபவர் எடுத்துச் சொல்ல நேர்ந்ததால், அது இன்னும் பொதுவழக்காகவில்லை. ஜார்ஜ்டவுனுக்கும் லெக்ஸிங்டனுக்கும் ஏறக்குறைய 12 மைல்தான். கிரெய்க் ஜார்ஜ்டவுனில் 1789-இலேயே இம்முறையைக் கையாண்டிருந்தால், 37 ஆண்டுகளுக்குப் பின்னும் பக்கத்து நகரத்து வியாபாரி அதைக் கேள்விப்பட்ட செய்தியாக எழுதியிருப்பாரா? ஒரு கடிதத்தின்மீது இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு, காலின்ஸின் வரி அந்த ஒரு கடிதத்தின் பலமும் இல்லாதது என்பதையே விடையாகச் சொல்வேன். மேலும், தரத்தைக் கோரியது விற்பனைத் துறையே என்பதை இக்கடிதம் புலப்படுத்துகிறது. அது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பிற்காலச் சரித்திரம் யாவரும் அறிந்ததே. முந்தைய வடிப்பில் எஞ்சிய புளித்த நீரை அடுத்த ஊறலில் சேர்க்கும் முறையை வெப்பமானி கொண்டு ஒழுங்குசெய்த ஜேம்ஸ் குரோ 1856-இல் மறைந்தார்; சாராயத்தில் நிறமும் மணமும் கலந்து விஸ்கி என்று விற்றவர்களால் நல்ல சரக்கின் கீர்த்திக்கு ஊறு நேர்ந்தது; எட்மண்ட் டெய்லர் போன்றவர்களின் முயற்சியால் 1897-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, அரசாங்கக் கண்காணிப்பில் நான்கு ஆண்டுகளேனும் முதிரவைத்த சரக்குக்கு முத்திரை அளித்தது. கருக்கிய புதிய ஓக் பீப்பாயைச் சட்டம் கட்டாயமாக்கியதோ 1930-களில்தான்.

கருக்கும் வழக்கம் தொடங்கிய ஆண்டு இன்னும் தீர்மானமாகவில்லை. 1826-க்கு முந்தியது என்பதற்கு மேல் கடிதம் இடங்கொடுக்கவில்லை. பிரெஞ்சு பிராந்திப் பீப்பாய்களைப் பின்பற்றி வந்தது என்ற ஊகம் இணக்கமாகத் தோன்றினும், நிரூபணமன்று. 1821 விளம்பரம் பீப்பாய்க் கணக்கில் விற்பனையைச் சொல்கிறதேயன்றி, அப்பீப்பாய்கள் கருக்கப்பட்டவையா என்பதைச் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பெயரில் அன்று விற்றது செந்நிறச் சரக்கா, வெறும் வடிநீரா என்பதும் ஐயத்துக்குரியதாகவே நிற்கிறது.