ஸ்வீடன் நாட்டின் சிரிப்பு



ஸ்வீடன் நாட்டுத் திரைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? பனி, மௌனம், மரணத்தோடு சதுரங்கம் ஆடும் ஒரு போர்வீரன். அந்நாட்டார் சிரிக்கவே அறியாதவர் போலும் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை அந்நாட்டின் நகைச்சுவை வரலாறே எனக்கு உணர்த்திற்று.

திரைப்படம் தோன்றுமுன்னரே அங்கே சிரிப்புக்கு ஓர் இடம் இருந்தது. 1891-இல் மால்மோ நகரில் தொழிலாளர் இயக்கத்தார் 'மக்கள் பூங்கா' ஒன்றை அமைத்தனர். பின்னர் நாடெங்கும் இத்தகைய பூங்காக்கள் எழுந்தன. பாட்டும் நடனமும் நாடகமும் செல்வர்க்கு மட்டும் உரியன அல்ல என்பதே அவற்றின் கொள்கை.

ஊமைப் படக் காலத்தில் மௌரிட்ஸ் ஸ்டில்லர் என்னும் இயக்குநர், படக்கதை எழுதுவோன் ஒருவனைப் பற்றி 1917-இல் நயமான நகைச்சுவைப் படம் ஒன்று எடுத்தார். அதன் நாயகனாக நடித்தவர், துன்பியல் படங்களால் புகழ்பெற்ற விக்டர் ஷோஸ்ட்ரம்! உலகையே கவர்ந்த கிரேட்டா கார்போவும் 1922-இல் ஒரு கோமாளிப் படத்தில்தான் தம் திரைவாழ்வைத் தொடங்கினார்.

பேசும் படம் வந்தபின் நிலை மாறிற்று. ஹாலிவுட்டின் பகட்டோடு ஒரு சிறிய நாடு எங்ஙனம் போட்டியிடும்? ஆனால் உள்ளூர்ப் பேச்சு வழக்கில் பிறக்கும் வேடிக்கையை ஹாலிவுட் தர இயலாது அன்றோ? ஆகவே, தென்பகுதி ஸ்கோனே வட்டார மொழியில் பேசிப் பாடிய பருத்த உடலினர் எட்வர்ட் பெர்ஷன் மக்களின் செல்வராக விளங்கினார். பீர் அருந்திக் களிக்கும் மாந்தரைக் காட்டிய மலிவான படங்களும் பெருகின. அவற்றைப் 'பில்ஸ்னர் படங்கள்' என்று அறிஞர் எள்ளினர். 1937-இல் எழுத்தாளர்கள் ஸ்டாக்ஹோம் இசையரங்கில் கூடி அவற்றைக் கண்டித்தனர். அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், அது முழு உண்மையா?

1940-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டென்மார்க்கும் நார்வேயும் ஜெர்மனியின் பிடியில் வீழ்ந்துவிட்டன. நடுநிலை வகித்த ஸ்வீடன் அஞ்சி வாய்மூடி நின்றது. அவ்வேளையில் கார்ல் கெர்ஹார்ட் என்னும் மேடைக் கலைஞர், டிராய் நகரத்துக் குதிரையை உவமையாக்கி, நாட்டுக்குள் புகுந்திருக்கும் நாஜி ஆதரவாளரை நையாண்டிப் பாட்டால் சுட்டினார். ஜெர்மன் தூதரகம் சீறிற்று; அப்பாட்டு தடை செய்யப்பட்டது. கேளிக்கை மேடையில் எழுந்த ஒரு பாட்டுக்கு ஓர் வல்லரசின் தூதரகம் அஞ்சிற்று! சிரிப்பின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்னொரு நிகழ்ச்சி. 1955-இல் இங்மார் பெர்க்மன் 'கோடை இரவின் புன்னகைகள்' என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தார். 1956-இல் கான் விழாவில் அது பரிசு பெற்றது. அந்த வெற்றிக்குப் பின்னரே, 'ஏழாவது முத்திரை'யை எடுக்கத் தயாரிப்பு நிறுவனம் அவருக்கு இசைவளித்தது. நாம் முதலில் கண்ட அந்தச் சதுரங்கக் காட்சியும் ஒரு சிரிப்பின் கொடைதான்! 1957-இல் வெளிவந்த அப்படத்தில், எளிய கழைக்கூத்தாடியாக நடித்தவர் நீல்ஸ் பொப்பே. சிப்பாய் வேடத்தில் நாட்டையே சிரிக்க வைத்தவர். வீரன் மரணத்திடம் தோற்கிறான். கூத்தாடியும் அவன் மனைவியும் குழந்தையும் தப்பி வாழ்கின்றனர். இதை உணர்ந்தபோது என் பழைய எண்ணத்தை நினைந்து நாணினேன்.

1956-இல் முறையான தொலைக்காட்சி வந்தது. திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. 1963-இல் கேளிக்கை வரியை நீக்கி, நுழைவுச் சீட்டு வருவாயில் ஒரு பங்கைக் கொண்டு திரைப்படக் கழகம் நிறுவப்பட்டது. ஆயினும் சிரிப்பு ஓயவில்லை. 'ஓசா-நிஸ்ஸே' என்னும் நாட்டுப்புறத்தான் கதைகள் 1949 முதல் 1969 வரை 20 படங்களாயின. ஹான்ஸ் ஆல்ஃப்ரெட்சனும் தாகே தானியல்சனும் 1971-இல் 'ஆப்பிள் போர்' என்ற படத்தில், இயற்கையை அழிக்க வரும் வாணிகத்தைக் கேலி செய்தனர். 1980-இல் லாஸே ஓபெர்க், வெயில் தேடிக் கூட்டமாகச் சுற்றுலா செல்லும் தம் நாட்டாரையே நகையாடினார். அவர்களும் திரண்டு வந்து சிரித்தனர்.

நண்பர்களே! ஒரு நாட்டின் சோகத்தை மட்டும் கண்டு அதனை அறிந்துவிட்டோம் என்று எண்ணற்க. அது எதைக் கண்டு சிரித்தது, எப்போது துணிந்து சிரித்தது என்பதையும் கேளுங்கள். வரலாற்றின் மற்றொரு பாதி அங்கே இருக்கின்றது.