பிறப்பின் மேல் எழுதப்பட்ட குற்றம்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சமணருக்கு அது புனிதத் தலம். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கி, வட்டெழுத்துக் கல்வெட்டுகளை முடிந்தவரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒருமுறை அடிவாரத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "மலைய மட்டும் பாத்துட்டுப் போறீகளே ஐயா, எங்க சனத்துக்கு ரேகைச் சட்டம் மொதல்ல வந்தது இந்த ஊருக்குத்தேன், தெரியுமா?" எனக்குத் தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. ஊர் திரும்பியதும் அதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் சொன்னது குற்றப் பரம்பரைச் சட்டம். ஆங்கில அரசு 1871இல் முதலில் வட இந்தியாவில் அதைக் கொண்டுவந்தது. 1911இல் திருத்தி, சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கும் விரித்தது. ஒரு கூட்டத்தாரை அரசு "குற்றப் பரம்பரை" என்று அறிவித்துவிட்டால், எந்த நீதிமன்றத்திலும் அதை எதிர்த்துக் கேட்க முடியாது. பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை வைக்க வேண்டும்; குறித்த வேளையில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மதுரைப் பக்கத்தில் அதை 'ராத்திரிச் சீட்டு' என்பார்கள்.

பிறமலைக் கள்ளர் மேல் இச்சட்டம் 1914இல் கீழக்குயில்குடியில் பாய்ந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

திருட்டே நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் திருடியவனைத் தண்டிக்க 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் இருக்கவே இருந்தது. அது செயலைக் கேட்டது. இந்தச் சட்டமோ பிறப்பைக் கேட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மக்கள்தான் முன்பு பல ஊர்களுக்குக் காவல்காரர்கள். ஊரார் காவல் கூலி கொடுத்தார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தருவது, இல்லாவிட்டால் ஈடு கட்டுவது காவல்காரர் பொறுப்பு. கும்பினி ஆட்சியும் அதன் போலீசும் வந்தபின் அந்த முறைக்கு மதிப்புப் போயிற்று. நேற்றுவரை கூலியாக இருந்தது இன்று மிரட்டிப் பறிப்பது என்று பெயர் பெற்றது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் வெளியிட்ட 'அவுட்சைடர்ஸ்' என்ற நூலில், நெறி தவறியவன் யார் என்பதைச் செயல் மட்டும் தீர்மானிப்பதில்லை, விதி வகுத்து முத்திரை குத்துகிறவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள் என்று விளக்கினார். பெருங்காமநல்லூர் அதற்கு 43 ஆண்டு முன்பே நடந்துவிட்ட உதாரணம்.

கள்ளர்களுக்காக வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் ஒழிந்தது.

ஆனால் முத்திரை ஒழிந்ததா? இங்கேதான் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வாழும் இந்த அகமதாபாத்திலேயே சாராநகர் இருக்கிறது. அதே சட்டத்தின்படி கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்ட சாரா மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம். 1990களில் அங்கிருந்து ஒரு பையன் என் கடைக்கு வேலை கேட்டு வந்தான். கணக்குச் சுத்தமாகப் போட்டான். பக்கத்துக் கடைக்காரர் காதோடு சொன்னார்: "எந்தப் பேட்டைப் பையன்னு விசாரிச்சீங்களா?" விசாரித்தேன். "ஆள் எடுத்தாச்சு தம்பி" என்று அனுப்பிவிட்டேன். ஆள் எடுக்கவே இல்லை, பொய் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் இந்தப் பதில் அவனுக்குப் புதிதல்ல என்று தெரிந்தது.

நாற்பது வருஷமாகப் பேரேடு எழுதுகிறவன் நான். ஒருவன் பாக்கியை இன்னொருவன் பேரில் பற்று எழுதமாட்டேன். செய்த வினை செய்தவனையே சேரும் என்பது எங்கள் சமயம் எனக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்த பாடம். அப்படியிருந்தும், என்றோ யாரோ செய்ததை அந்தப் பையன் கணக்கில் எழுதினேனே!

1998இல் சாராநகர் இளைஞர்கள் புதன் தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மேற்கு வங்கத்தில் போலீஸ் காவலில் இறந்த புதன் சபர் என்ற பழங்குடி இளைஞரின் பெயர் அது. 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளைச் செல்லாது என்றது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டும் விதிகளையும் கண்டித்தது. சட்டம் ஒழிந்து 72 வருஷம் கழித்தும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

நம்மையும் ஒரு காலத்தில் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கி, வீடு கொடுக்க யோசித்தவர்கள் உண்டு. அந்த வலி நம் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கடைக்கோ வீட்டு வேலைக்கோ ஆள் வந்தால், அவன் பேரைக் கேளுங்கள், முன்பு வேலை செய்த இடத்தில் விசாரியுங்கள். பேட்டையைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நான் செய்தேன், அந்தப் பையனைத் தேடிப் போய்ச் சொல்ல இன்று எனக்கு அவன் பேர்கூட நினைவில் இல்லை.