பூட்டிய ஏடும் போன திறவுகோலும்

பெரியோர் தம் காலத்து நிகழ்ச்சிகளைக் குறித்து வைப்பது பின்வருவோர் கண்டு பயனெய்துதற்பொருட்டேயாம். ஏடு கையில் இருந்தும் அதனைத் திறந்து படிக்க இயலாதாயின், அஃது இருந்தும் இல்லாததே. நம் சங்கத்துப் பழைய கணிப்பொறியின் வன்தட்டினால் இவ்வுண்மையை நாம் அறிய நேர்ந்தது. அவ்வரலாற்றை அன்பர்கட்கு அறிவிப்பது நம் கடமையாகும்.

முதற்கண் நம் பிரெஞ்சிந்தியப் பகுதியின் சரித்திரத்தில் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். டூப்ளே துரையின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் தாம் இறக்குமளவும் தினசரி எழுதி வந்தார். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமான 1739-ஆம் ஆண்டும் அக்காலத்துள் அடங்கும். அவர் மறைந்தபின் அப்புத்தகங்கள் 85 ஆண்டுகள் உலகறியாமற் கிடந்தன. 1846-இல் கலுவா மோம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு பிரதி செய்வித்தார். அரியேல் என்பார் செய்வித்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அத்தினசரிக்குப் பூட்டில்லை; தமிழறிந்தார் எவரும் விரித்துப் படிக்கலாம். ஆதலின் அத்தனை காலம் உறங்கியும் அது பிழைத்தது.

நிற்க. நம் சங்கத்தார் சுரக்குடியில் 2003-இல் ஒரு கணிப்பொறி வாங்கினர். அந்நாளைய காரியதரிசிப் பெரியவர் இரண்டு பொருள்களை அதில் ஏற்றினார். ஒன்று குடும்பப் பதிவேடு. மற்றொன்று முதியோரிடம் நேரிற் கேட்டெழுதிய நினைவுரைகள். 1954 நவம்பர் 1-இல் காரைக்கால் இந்தியாவுடன் இணைந்தது. உரிமையளிப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் ஆறு மாதத்துள் அதனைத் தெரிவிக்கலாமென்று விதிக்கப்பட்டது. ஒரு வயிற்றிற் பிறந்தார் இருவருள் ஒருவர் இங்கும் ஒருவர் பிரான்சிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் நம்மிடையே பல. எவர் எதனைக் கருதி எதனைத் தேர்ந்தார் என்பதே அந்நினைவுரைகளின் பொருள்.

பெரியவர் 2011-இல் காலமானார். காகிதப் பிரதிகளைக் கரையான் தின்றது. பொறியோ பரணிற் கிடந்தது. சென்ற ஆண்டு பிரான்சிலிருந்து வந்த அன்பரொருவர் தம் பாட்டனார் வழியை வினவியபோதே அதனைக் கீழிறக்கினோம். பிறர் வட்டை இசைவின்றித் திறத்தல் களவோடொக்கும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதனைத் தடுக்கின்றது. ஆதலின் நிர்வாக சபையின் தீர்மானமும் பெரியவருடைய மனைவியாரின் இசைவும் பெற்றபின், அங்கத்தினர் ஒருவரின் மகளாகிய கணிப்பொறிப் பொறியியல் கற்ற பெண்மணியிடம் அப்பணியை ஒப்புவித்தோம்.

அவர் வன்தட்டைக் கழற்றி, வேறு பொறியில் இணைத்து, முதலில் முழுத்தட்டிற்கும் ஒரு படியெடுத்தார். பின்னர்ப் படியின்மீதே வேலை செய்தார். மூலச்சுவடி நைந்து போகாவண்ணம் பெயர்த்தெழுதிக்கொண்டு பாடம் ஆராயும் நம் முன்னோர் முறையும் இதுவேயன்றோ?

அதன்பின் பூட்டுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பட்டன. முதலாவது உடைமைப் பூட்டு. விண்டோஸ் முறையில் ஒவ்வொரு கோப்பும் தன் உடையவரைப் பெயரால் அன்றி ஓர் எண்ணால் அறிகின்றது. பழைய எண்ணைப் புதிய பொறி அறியாமையின் 'அனுமதி இல்லை' என்று மறுத்தது. இது வாயில்காப்போன் தடையே; பொறியின் நிர்வாகி உடைமையைத் தம் பேரில் மாற்றிக்கொள்ள நீங்கிவிட்டது.

இரண்டாவது, எக்ஸெல் ஏடாகிய குடும்பப் பதிவேட்டிற்கு இட்ட கடவுச்சொல். குலதெய்வத்தின் பெயர், பேரன் பேர்த்தியர் பெயர் எல்லாம் இட்டுப் பார்த்தும் பயனில்லை. ஆனால் அக்காலத்து எக்ஸெல் பூட்டு 40 பிட் அளவினது. அதற்கு இயலத்தக்க திறவுகோல்கள் ஏறத்தாழ 1,09,951 கோடியே. மனிதர்க்கு மலைப்பான எண்ணாயினும் இக்காலப் பொறிக்கு அரிதன்று. நான்கு நாளில் திறந்தது.

மூன்றாவது எழுத்துப் பூட்டு. திறந்த ஏட்டில் தமிழைக் காணோம். அது பாமினி என்னும் எழுத்துருவில் அடித்தது. அவ்வெழுத்துரு இல்லாவிடத்து, 'தமிழ்' என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். யூனிகோடு முறையில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், நம்மவர் பலர் நெடுங்காலம் தத்தம் எழுத்துருவையே கையாண்டனர். நல்லவேளை, எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழெழுத்தைக் குறிக்குமென்பது பலரும் அறிந்தது, ஆதலின் மாற்றிக்கொண்டோம். பிரான்சு அன்பர் தம் பாட்டனார் பெயரைக் கண்டு கண்ணீருகுத்தார்.

இனி நான்காவது பூட்டு. நினைவுரைகள் விண்டோஸின் மறைகுறியீட்டால் காக்கப்பட்டிருந்தன. அதன் திறவுகோல் பயனர் கணக்கினுள் இருப்பது. 2009-இல் பொறி பழுதுற்றபோது செப்பனிட்டவர் விண்டோஸைப் புதிதாக நிறுவினார். பழைய கணக்கும் அதனுள்ளிருந்த திறவுகோலும் ஒருங்கே அழிந்தன. திறவுகோலை முன்னரே படியெடுத்து வைத்திருப்பின் கேடில்லை. அதனை ஒருவரும் செய்திலேம். இனி முயன்று காண்பதெனில் 256 பிட் அளவினதாகிய அதற்கு இயலத்தக்க திறவுகோல்களின் தொகை 78 இலக்க எண்ணாகும். கோப்புகளின் பெயர் தெரிகின்றது; உள்ளிருப்பது தெரியவில்லை. சொல்லிய முதியோருள் இன்று ஒருவரும் இல்லை.

ஈண்டு ஒன்றை ஒளியாது கூறவேண்டும். 'வீட்டு இரகசியங்கள் பிறர் கண்ணிற் படலாகாது. மறைகுறியிட்டு வையுங்கள்' என்று பெரியவர்க்குச் சொன்னவர், அன்று புதிதாக ஆசிரியப் பணியேற்றிருந்த நாமே. பூட்டச் சொன்னோம், திறவுகோலை எங்கு வைப்பதென்று சொன்னோமில்லை. மெலிந்த பூட்டு நமக்கு உதவிற்று. வலிய பூட்டு நம்மைக் கெடுத்தது. கள்வர்க்கு அஞ்சிப் பூட்டிய நாம், நம் மக்களுக்கும் சேர்த்தே பூட்டினோம்.

ஆதலின் அன்பர்களை வேண்டுவது இது. சங்கத்து ஏடுகளின் கடவுச்சொல்லை உறையிலிட்டு அரக்கு முத்திரையுடன் பொறுப்பாளர் இருவரிடம் வைக்க. யூனிகோடு எழுத்திலேயே எழுதுக. படிகளை வெவ்வேறு இடத்தில் வைத்து ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்க. நல்ல தாளில் அச்சிட்ட பிரதி ஒன்றும் இருக்கட்டும். எல்லாவற்றினும் முதலாக, வீட்டில் எண்பது கடந்த பாட்டன் பாட்டியர் இருப்பின் இன்றே அருகமர்ந்து கேட்டெழுதுக. அவர் நினைவுக்குப் படியெடுக்க, அவர் உள்ளபோதன்றி வேறு காலம் இல்லை.