மொட்டையடிக்காதீர்கள்! கிரேப் மிர்ட்டில் வந்த வழி



அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருக்கும் நம் பிள்ளைகள் ஆடி, ஆவணியில் அனுப்பும் வீட்டுப் படங்களில் ஒரு பூமரம் அடிக்கடி நிற்கிறது. "இது என்ன மரம் டீச்சர்? பக்கத்து வீட்டில் வருஷா வருஷம் மொட்டையடிக்கிறார்கள். நாங்களும் வெட்ட வேண்டுமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வெட்ட வேண்டாம். ஏன் என்பதற்கு அதன் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

பெயர் கிரேப் மிர்ட்டில். கிரேப் சேலை போல இதழ்கள் சுருங்கியிருப்பதால் வந்த பெயர். நமக்கு அந்நியம் இல்லை. நம் பூமருது இதற்கு அண்ணன் முறை. மருதாணியும் மாதுளையும் இதே தாவரக் குடும்பம்தான்.

சீனர்கள் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றி வளர்க்கிறார்கள். தாங் அரசர் காலத்தில், 713ஆம் ஆண்டு, அரசின் தலைமைச் செயலகத்துக்கே இம்மரத்தின் சீனப் பெயரைப் போலவே ஒலிக்கும் 'ஸீவெய்' என்ற பெயரைச் சூட்டினார்கள். அங்கே பணிபுரிந்த கவிஞர் பாய் ஜூயி இந்தப் பூவைப் பாடியிருக்கிறார். நீண்ட நாள் பூப்பதால் 'நூறு நாள் சிவப்பு' என்றும் அங்கே ஒரு பெயர். ஜப்பானியர் வழவழப்பான பட்டையைப் பார்த்து, 'குரங்கும் வழுக்கும் மரம்' என்றார்கள்.

1759இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் இதற்கு 'லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா' என்று பெயரிட்டார். லாகர்ஸ்ட்ரோம் என்பவர் சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். கீழ்நாட்டுச் செடிகளை அவருக்குத் தருவித்துக் கொடுத்த நண்பர்.

இங்கிலாந்தின் குளிர்ந்த கோடையில் அது சரியாகப் பூக்கவில்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகருக்கு 1780களின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆந்த்ரே மிஷோ கொண்டுவந்தார் என்பார்கள். அந்த வெயிலும் புழுக்கமும் மரத்துக்குச் சொந்த ஊர் போலவே இருந்தன. 1997இல் டெக்சாஸ் இதைத் தன் மாநிலப் புதர்ச்செடியாகவே அறிவித்தது.

ஒரு தொல்லை, இலையில் வெள்ளையாகப் படியும் சாம்பல் நோய். 1950களில் ஜப்பானிலிருந்து, அந்நோயைத் தாங்கும் வேறொரு இனத்தின் விதைகள் அமெரிக்கா வந்தன. வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவின் டொனால்ட் ஈகால்ஃப் இரண்டையும் ஒட்டுச்சேர்த்துப் பல ரகங்கள் உண்டாக்கினார். அவற்றுக்கு அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்களை வைத்தார். 1978இல் வந்த 'நாச்செஸ்' வெள்ளைப் பூவும் இலவங்கப்பட்டை நிறத் தண்டுமாக 20 முதல் 30 அடி போகும். 1986இல் வந்த 'அகோமா' சுமார் 10 அடியோடு நிற்கும். இடுப்பளவுக்கு மேல் வளராத குட்டி ரகங்களும் பின்னர் வந்தன.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற உயரத்தில் ஒரு ரகம் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே 30 அடி மரத்தை நட்டுவிட்டு, மாசி மாதம்தோறும் கிளைகளை முண்டமாக வெட்டுகிறார்கள். 'கிரேப் மர்டர்' என்று அங்குள்ள தோட்டக்காரர்களே இதைக் கேலி செய்கிறார்கள். வெட்டிய இடம் முண்டும் முடிச்சுமாகிறது. அதிலிருந்து வரும் மெல்லிய குச்சிகள் பூவின் பாரம் தாங்காமல் மழையில் சாய்கின்றன. அப்படியும் மரம் பூத்துவிடுகிறது. அதனால்தான் வெட்டியது சரி என்று நினைத்துவிடுகிறார்கள்.

நடப்போருக்குச் சில வார்த்தைகள். கன்று வாங்கும்முன் முழு வளர்ச்சியில் எத்தனை அடி என்று கேளுங்கள். ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் பூ குறையும், சாம்பல் நோய் கூடும். தண்ணீர் தேங்காத இடம் பாருங்கள். தொட்டியில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். முதல் ஆண்டு தண்ணீர் தவறக்கூடாது. மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி வேண்டாம். உரம் அளவோடு, அதிகமானால் இலைதான் மிஞ்சும். பூ புதுத் துளிரில் வருவதால், கவாத்து குளிர்கால முடிவில். அப்போதும் காய்ந்தவை, உரசும் கிளைகள், தூரில் முளைக்கும் போத்துகள் மட்டும் போதும்.

வகுப்பில் குட்டையானவனை முன்வரிசையிலும் நெட்டையானவனைப் பின்வரிசையிலும் உட்காரவைத்தோம். யார் தலையையும் வெட்டவில்லை. மரத்துக்கும் அதே நியாயம்தான்.

உங்கள் தெருவில் பூமருதோ அதன் தம்பியோ நின்றால் படம் போடுங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்