ஏணியும் தீப்பெட்டியும்

விழா மலருக்கு எழுது, கல்லூரி நினைவுகளை மற்றவர்கள் எழுதுகிறார்கள், நீ உன் தொழிலைப் பற்றி எழுது என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். கார் பாடி வடிவமைப்பில் வயிறு கழுவுபவன் நான். ஆகவே சொகுசு எஸ்.யு.வி. என்று இன்று சொல்கிறோமே, அந்த வண்டியை நம் நாட்டில் வரையக் கற்றுக்கொண்ட சரித்திரத்தை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். மெக்கானிக்கல் அல்லாத நண்பர்கள் பயப்பட வேண்டாம், சூத்திரம் ஒன்றுகூடப் போடவில்லை.

கரிசல் மண்ணின் குணம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை பெய்தால் பசை மாதிரி சக்கரத்தில் அப்பும். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற களி என்பதால் மேலே போட்ட தார் ரோடும் நாளடைவில் அலை அலையாகி விடுகிறது. அந்த ரோட்டில் முன்பக்கம் இடது சக்கரமும் பின்பக்கம் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டில் ஏறினால், ஈரத்துணியைப் பிழிவது போல வண்டி முறுக்கப்படுகிறது. எஸ்.யு.வி.யின் சரித்திரமே இந்த முறுக்கலோடு நடந்த மல்லுக்கட்டுதான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பை, நம் நாடு விடுதலை அடைந்த சமயத்தில் மகிந்திரா கம்பெனி பம்பாய்க்குக் கொண்டுவந்தது. உதிரிபாகங்களாக வரவழைத்து இங்கே பூட்டினார்கள். அமைப்பில் அது மாட்டுவண்டிக்கு நெருங்கிய சொந்தம். நீளவாட்டில் இரண்டு எஃகுச் சட்டங்கள், குறுக்கே சில இணைப்புகள், பார்க்க ஏணி மாதிரியே இருக்கும். என்ஜின், அச்சு, பாடி எல்லாம் அந்த ஏணியின் மேல் உட்காரும். முறுக்கினால் ஏணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், மேலே பாடி கடகடக்கும். எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் சரிசெய்து விடலாம் என்பது அதன் பெரிய பலம். சொகுசை மட்டும் கேட்கக் கூடாது. நாம் இறங்கிய பிறகு நம் இடுப்பு தனியாக இறங்கி வரும்!

1970-இல் இங்கிலாந்தில் வந்த ரேஞ்ச் ரோவரும் இதே ஏணிதான். ஆனால் பட்டை வில்லுக்குப் பதிலாக நீண்டு சுருங்கும் சுருள்வில் வைத்து, சேற்றில் போகிற வண்டியையும் அலுங்காமல் ஓட்டலாம் என்று காட்டினார்கள். இன்று சொகுசின் மறுபெயராகிவிட்ட அந்த வண்டியின் முதல் மாடலில், உள்ளே தண்ணீர் ஊற்றியே கழுவிவிடலாம். நம் நாட்டில் டாடா 1991-இல் சியராவையும் 1998-இல் சஃபாரியையும் கொண்டுவந்தது.

அடுத்தது ஸ்கார்பியோ. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த பவன் கோயங்கா 1993-இல் மகிந்திராவுக்கு வந்தார். அவர் தலைமையில் உருவாகி 2002 ஜூனில் வெளிவந்தது ஸ்கார்பியோ. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரு புது மாடலுக்குச் செலவழிப்பதில் சிறு பங்கே, அதாவது 600 கோடி ரூபாய்க்குள்ளேயே, முடித்தார்கள். உதிரிபாகம் தருகிறவர்களிடமே முழு அமைப்பையும் வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சும்மா சொல்லக் கூடாது, அரை நூற்றாண்டாகப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் பென்சிலைக் கையில் எடுத்தது அப்போதுதான். ஆனாலும் அடியில் இருந்தது அதே ஏணி.

ஏணியை விட்ட வண்டி 2011 செப்டம்பரில் வந்த எக்ஸ்.யு.வி. 500. ராம்கிருபா அனந்தன் என்ற பெண்மணி தலைமை தாங்கிய குழுவின் வடிவம் அது. மோனோகாக் என்கிறோமே, தனிச் சட்டம் இல்லாமல் பாடியே சுமை தாங்கும் முறை, மகிந்திரா அதைச் செய்தது இந்த வண்டியில்தான் முதன்முறை.

மோனோகாக் புரிய வேண்டுமா, நம்ம ஊர் தீப்பெட்டியை எடுங்கள். உள்பெட்டியை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் மூலையில் அழுத்தினால் சாய்ந்து தட்டையாகிவிடும். உள்பெட்டியைத் திரும்பச் செருகி அழுத்திப் பாருங்கள், அசையாது. அட்டை என்னவோ அதே மெல்லிய அட்டைதான், சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வந்த பலம் அது. கார் பாடியும் அப்படித்தான். ஆனால் எஸ்.யு.வி.க்கு நாலு பெரிய கதவு, பின்னால் ஆளுயரத் திறப்பு. உருவிய தீப்பெட்டி மாதிரி அது சாயத்தான் பார்க்கும். அதனால் கதவு, பின்கதவு ஒவ்வொன்றையும் சுற்றி எஃகு வளையம் அமைத்து முறுக்கலைத் தாங்கவைக்கிறார்கள். பாடி விறைப்பாக நின்றால் வில்லும் ஷாக் அப்சார்பரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யும். அவற்றை மெதுவாக வைக்கலாம், உள்ளே சத்தமும் குறையும். தோல் சீட்டும் கண்ணாடிக் கூரையும் பிறகு வருகிற அலங்காரம். என்னைக் கேட்டால் சொகுசின் அஸ்திவாரம் இந்த விறைப்புதான்.

2012-இல் செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா சிட்டியில் ஆராய்ச்சி மையம் முறையாகத் திறக்கப்பட்டது. பிறகு செய்யாறு பக்கம் 454 ஏக்கரில் சோதனை ஓட்டத் தடமும் வந்தது. மேடு பள்ளம், சேறு, முறுக்குத் தடம் எல்லாம் அங்கே வேண்டுமென்றே கட்டியவை. நமக்கு அது இயற்கை கொடுத்த சீதனம்!

முறுக்கலைவிடப் பெரிய பரீட்சை ஒன்று உண்டு. 2016-இல் குளோபல் என்காப் என்ற அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பாதி மோதும்படி விட்டுச் சோதித்தது. கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். அதே கம்பெனியின் எக்ஸ்.யு.வி. 700, செங்கல்பட்டு மையத்தில் உருவாகி 2021-இல் வந்தபோது அதே அமைப்பிடம் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. இடையில் ஐந்தே வருஷம். இம்மாதிரி பாடிகளில் பயணிகள் அறையைச் சுற்றியுள்ள தூண்களுக்குத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிர வைக்கிறார்கள். பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிற அதே வித்தைதான். முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், அறை நசுங்காது.

ஏணி மோசம், தீப்பெட்டி நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2022-இல் ஸ்கார்பியோ-என் ஏணிச் சட்டத்தோடேயே, கடுமையாக்கப்பட்ட சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மின்சார எக்ஸ்.இ.வி. 9இ பாரத் என்காப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 32 மதிப்பெண்ணே எடுத்துவிட்டது. தரைக்கு அடியில் பாட்டரியை வைத்து அதையும் பலமாக்கிக்கொண்ட அமைப்பு.

அதே 2024-இல், ஏப்ரல் மாதம், போலேரோ நியோவுக்குக் கிடைத்தது 1 நட்சத்திரம். பாடி நிலையாக நிற்கவில்லை என்பது குளோபல் என்காப்பின் தீர்ப்பு. விலை உயர்ந்த வண்டிக்குத் தெரிந்த வித்தை விலை குறைந்த வண்டிக்கு ஏன் போய்ச் சேரவில்லை? வித்தை தெரியாததால் இல்லை, புது அச்சுக்கும் புது பாடிக்கும் ஆகும் செலவுதான் காரணம் என்பது என் கணிப்பு. நம்ம பக்கத்துக் கிராமங்களில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போவது போலேரோ ரக வண்டிகள்தான். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிற தம்பி தங்கைகள் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், ஒரு போலேரோ பாடியை அளந்து, எந்த வளையம் விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்த்தால் எத்தனை கிலோ எஃகு கூடும், எவ்வளவு ரூபாய் கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் சோதனை ஓட்ட உதவி வேண்டுமானால் சங்கத்தில் என் முகவரி இருக்கிறது.